பேபியக்கா சிகாகோ பார்க்கப் போனது

கிழக்குத் தாம்பரத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், அமெரிக்கா போகிறவர்கள் என்றால் எனக்கு இரண்டே வகைதான். ஒன்று, படிக்கப் போகிற பிள்ளைகள். இன்னொன்று, அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறக்கும்போது பத்தியம் சமைக்கப் போகிற அப்பா அம்மா. இருவருக்கும் நான்தான் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பேன். தாம்பரத்தில் விசா விஷயம் அக்தரைக் கேட்டால் தெரியும் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான் என்பது வேறு விஷயம்.

2007 மே மாதம், மண்டை காய்கிற ஒரு மதியம், பேபியக்கா கடைக்குள் வந்து ஃபேனுக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நான் சிகாகோ போவணும். இன்னா இன்னா பேப்பர் வேணும்?"

"அங்க யாருக்கா இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"பின்ன எதுக்கு?"

"பாக்கத்தான்."

"யாரை?"

"ஊரைத்தான் பாக்கணும். அங்க நமக்கு யாரு கீறாங்க, பாக்கறதுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஊட்டிக்குப் போகிறவரைப் பார்த்து நாம் அப்படிச் சிரிக்க மாட்டோம். திருமுடிவாக்கத்தில் பேக்கிங் வேலை பார்க்கிற ஒரு பெண்மணி, சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊரை, வெறுமனே கண்ணால் பார்த்துவிட்டு வரக் கடல் தாண்டிப் போவது என்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தொன்பது. வீடு இரும்புலியூர். கணவர் தயாளன், மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஒரே மகள் கிறிஸ்டினா, காட்டாங்குளத்தூர் காலேஜ் லைப்ரரியில் வேலை. பேபியக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் தபீதாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று வாத்தியார், "பொண்ணு பேர் என்ன?" என்று கேட்க, வீட்டில் கூப்பிடுகிற பழக்கத்தில் அப்பா "பேபி" என்று சொல்லியிருக்கிறார். வாத்தியாரும் எழுதிக்கொண்டார். அதோடு தபீதாள் சர்ச் ரிஜிஸ்டரிலேயே தங்கிவிட்டாள். ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் பேபிதான். நம் பக்கத்தில் இது புதுசில்லை. என் தெருவிலேயே மூன்று பேபிகள் இருந்தார்கள், அதில் இருவர் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

திருமுடிவாக்கத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி, குழாய்களை இணைக்கிற இரும்பு வளையங்கள் செய்து ஏற்றுமதி செய்தது. வளையங்களை எண்ணெய் பூசி, தாள் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, பெட்டியின் மேல் ஸ்டென்சில் தகட்டை வைத்துக் கறுப்பு பெயிண்டில் ஊர் பெயர் எழுத வேண்டும். பதினாறு வருடமாகப் பேபியக்கா எழுதியது ஒரே ஊர் பெயர்தான். CHICAGO. தகட்டில் முதல் எழுத்து C கொஞ்சம் விரிசல் விட்டிருந்ததால், எல்லாப் பெட்டியிலும் அந்த C-யின் வயிற்றில் ஒரு சின்ன வால் முளைத்திருக்கும். புதுத் தகடு செய்யலாம் என்று முதலாளி ஸ்ரீநிவாசராகவன் சொன்னபோது, "எதுக்கு சார், நம்ம பெட்டின்னு அடையாளம் தெரியட்டும்" என்று இவர்தான் தடுத்தாராம்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். பெட்டிக்கு மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்க வேண்டும். உள்ளே இருப்பது மேலே எழுதியிருக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் ஆணியைப் பிடுங்கி மறுபடி முதலிலிருந்து அடுக்குவார். முதலாளியே "லாரி நிக்குதும்மா" என்று கெஞ்சினாலும் விடமாட்டார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு போவது வழக்கம். அதில் யார் பேக் செய்தார்கள் என்ற இடத்தில் BABY என்று கையெழுத்துப் போடுவார்.

இந்தக் கையெழுத்தால் 1998-இல் ஒரு கலாட்டா நடந்தது. சிகாகோவில் சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து அவசரமாக ஒரு ஃபேக்ஸ். உங்கள் தொழிற்சாலையில் குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கிறீர்களா, உடனே விளக்கம் தேவை என்று. ஸ்ரீநிவாசராகவனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பேபியக்காவை மரப்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, இடுப்பில் கை வைத்தபடி ஒரு போட்டோ எடுத்து, ஸ்கூல் சர்டிஃபிகேட் காப்பியோடு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துப் பதில் ஃபேக்ஸ் வந்தது. மன்னிக்கவும், எங்கள் சரக்கு நல்ல கைகளில் இருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி, பேபி அவர்களுக்கு எங்கள் வணக்கம் என்று. கூடவே ஏரியும் உயரக் கட்டிடங்களும் போட்ட ஒரு காலண்டரும் பார்சலில் வந்தது.

வருடம் முடிந்தும் அந்தக் காலண்டர் பேக்கிங் ஷெட்டை விட்டு இறங்கவில்லை. ஃபேக்ஸ் தாளில் எழுத்து மங்கிவிடும் என்று அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துப் பைபிளுக்குள் வைத்தார் பேபியக்கா. "அந்த ஊர்க்காரங்களுக்கு என்னைத் தெரியும் தம்பி. எனக்குத்தான் அவங்க ஊரு தெரியல. இத்தன பெட்டி அனுப்பிகினே கீறேன், ஒரு தடவ போய்ப் பாக்க வேணாமா?" என்றார். அந்தக் காலண்டர் வந்த நாள் முதல் ஒன்பது வருடத்து போனஸை அவர் தொட்டதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் நேராக என் கடைக்கு வருவார். ஒரு மணி நேரம் பிரவுசிங். மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு எவ்வளவு தூரம் என்று நோட்டில் எழுதுவார். தாம்பரத்திலிருந்து சானடோரியம் போகிற தூரமா, குரோம்பேட்டை போகிற தூரமா என்று என்னைக் கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்வார். ஒன்பது நாள் திட்டம். முதல் நாள் ஏரி. இரண்டாம் நாள் பெரிய கட்டிடம். மூன்றாம் நாள், தூண்களின் மேல் மாடி உயரத்தில் ஓடுகிற ரயில். இது தயாளன் அண்ணனுக்காக. மற்றதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை, "எத்தினி பெட்டி கோக்கறான்னு பாக்கணும்" என்பார். கடைசி நாளுக்கு முந்தின நாள் கட்டத்தில், பதினாறு வருடமாக டெலிவரி சலானில் பார்த்த கிடங்கின் விலாசம்.

ஊரில் சும்மா இருப்பார்களா? சர்ச்சில் ஒரு அம்மா, "யாரு வூட்ல தங்குவ?" என்று கேட்டாராம். லாட்ஜில் என்றதும் அந்த அம்மாவின் முகம் போன போக்கை பேபியக்கா நடித்தே காட்டினார். கிறிஸ்டினா மட்டும்தான் முதல் நாளிலிருந்து அம்மா பக்கம். அவள் அப்போது இரண்டு மாதக் கர்ப்பம், டாக்டர் டிசம்பர் பதினொன்று என்று தேதி கொடுத்திருந்தார். "அக்டோபர்ல போய்ட்டு வந்துடும்மா. அதுக்கப்புறம் நானே உன்னை விடமாட்டேன்" என்றாள். பேபியக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. "பேரப்புள்ள வந்துட்டா எனக்கே வூட்டு வாசப்படி தாண்ட மனசு வராது தம்பி. போனா இந்த அக்டோபரு. இல்லன்னா இல்ல."

இவ்வளவு தெளிவாக இருந்தவரைக் கெடுத்தது நான்.

ஜூலையில் இன்டர்வியூ. அதற்கு ஒரு வாரம் முன்னால், கூடப் போகிற தயாளன் அண்ணனையும் அக்காவையும் கடையில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். "ஊர் பாக்கப் போறேன்னு சொன்னா எவன்க்கா நம்புவான்? அங்கயே தங்கிடுவீங்கன்னு நினைப்பான். தம்பி பொண்ணு சிகாகோவுல இருக்கா, அவளுக்கு டெலிவரி, ஒத்தாசைக்குப் போறோம். இப்படிச் சொல்லுங்க. தினமும் நூறு பேர் சொல்றதுதான்."

"எனக்குத் தம்பியே கெடையாதே" என்றார் பேபியக்கா.

"அது அவனுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்ல? மேல ஒண்ணு எழுதி உள்ள ஒண்ணு வைக்கற வேல எனக்கு வராது. நான் ஊரு பாக்கப் போறேன்னுதான் சொல்லுவேன்."

நான் கோபத்தில் தயாளன் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் பாவம், ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மனிதர், ஆனால் ஆபீஸ் என்றால் பயம். நான் சொன்னதையெல்லாம் ஸ்கூல் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார்.

அதோடு நிறுத்தினேனா? டிக்கெட் புக்கிங் காட்டினால் கெத்தாக இருக்கும் என்று, தி.நகரில் ஒரு டிராவல்ஸ்காரனுக்கு ஈமெயில் தட்டினேன். மிஸ்டர் தயாளன் பிளஸ் பேபி, சென்னை டு சிகாகோ, போக வர, அக்டோபர். அரை மணி நேரத்தில் புக்கிங் தாள் வந்துவிட்டது. பிரின்ட் எடுத்தேன். பேபி என்ற பெயருக்குப் பக்கத்தில் INF என்று மூன்றெழுத்து இருந்தது. இன்ஃபர்மேஷன் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டேப்ளர் அடித்து ஃபைலுக்கு மேலேயே வைத்தேன்.

இன்டர்வியூ அன்று நானும் கூடப் போனேன். தூதரகத்துக்குள் என்னை விடமாட்டார்கள். மேம்பாலத்துக்குப் பக்கத்தில், இருவருடைய செல்போனையும் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றேன். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். தயாளன் அண்ணன் என்னைப் பார்க்காமல் நடந்தார். பேபியக்காவின் கையில் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன. விசா கொடுத்தால் பாஸ்போர்ட்டை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். கையில் திரும்பி வந்தால் இல்லை என்று அர்த்தம்.

உள்ளே நடந்ததைப் பல்லாவரம் தாண்டும்வரை ரயிலில் பேபியக்கா சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, கூடத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு அம்மா. எதற்குப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு, முந்திக்கொண்டு தயாளன் அண்ணன், "டெலிவரிக்கு சார்" என்றிருக்கிறார். அதே நொடியில் பேபியக்கா, "ஊரு பாக்க சார்" என்றிருக்கிறார். அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புக்கிங் தாளைத் திருப்பிக் காட்டி, "இதில் அப்பா மடியில் ஒரு கைக்குழந்தை வருவதாக இருக்கிறது. அந்தக் குழந்தை எங்கே?" என்று கேட்டிருக்கிறார். INF என்றால் கைக்குழந்தையாம்.

"நான்தான் சார் பேபி" என்றிருக்கிறார் அக்கா.

"அப்ப டெலிவரி ஆகப் போகுதா, ஆயிடுச்சான்னு அந்தத் தமிழ் அம்மா கேக்குறாங்க தம்பி. இவரு பயத்துல ரெண்டுக்கும் தலையாட்டறாரு."

பக்கத்து சீட்டில் இருந்தவர் சிரித்துவிட்டார். பேபியக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் குரோம்பேட்டை வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாம்பரம் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இரண்டு ஸ்டேஷன் தூரம் எனக்கு முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒன்பது வருடத்து ஆசையை ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்துக் கெடுத்திருந்தேன். மூன்று எழுத்தைப் படிக்கத் துப்பில்லாதவனுக்கு விசா ஆலோசகர் என்று போர்டு ஒரு கேடு. மறுநாளே போர்டில் அந்த வரியைப் பெயிண்ட் அடித்து மறைத்தேன்.

ஒரு வாரம் கழித்து மனசு கேட்காமல் இரும்புலியூர் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போனேன். பேபியக்கா காபி கொடுத்தார். ஃபைலைத் தரையில் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு தாளாக எடுத்துத் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னை நாலு வார்த்தை கேளுங்கக்கா" என்றேன்.

"இன்னாத்துக்கு? அனுப்புன சரக்கு லாட்டு ரிஜெக்ட் ஆச்சுன்னா நாங்க யாரையும் திட்டிகினு உக்கார மாட்டோம். பிரிச்சு மறுபடி பேக் பண்ணுவோம். செப்டம்பர்ல தேதி கிடைக்குமான்னு மட்டும் பாத்து சொல்லு."

தயாளன் அண்ணன் கதவோரமாக நின்று, "நான் வரல பேபி. அந்தக் கண்ணாடி முன்னாடி என்னால மறுபடி நிக்க முடியாது. நீ மட்டும் போ" என்றார். வேறு யாராக இருந்தாலும், நீ வராட்டி நானும் போகல என்று சொல்லிக் கண்ணைக் கசக்கியிருப்பார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"சரி. நீ கிறிஸ்டினாவப் பாத்துக்க. ரயிலு எத்தினி பெட்டின்னு நான் எண்ணிக்கினு வரேன்" என்றார்.

செப்டம்பருக்குள் அவர் அந்த ஃபைலைக் கட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். முதல் பக்கம் பேக்கிங் லிஸ்ட். ஒன்றாம் எண், பாஸ்போர்ட். இரண்டாம் எண், முதலாளி கொடுத்த லீவு லெட்டர், எந்தத் தேதி மறுபடி வேலைக்கு வர வேண்டும் என்பதோடு. மூன்றாம் எண், ஒன்பது நாள் திட்டம், நாள் வாரியாக. இப்படிப் பதினொன்று. ஒவ்வொரு தாளின் மூலையிலும் அதே எண். கடைசியில், பேக் செய்தவர் BABY என்று கையெழுத்து. என்னிடம் கேட்டது ஒரே ஒரு உதவிதான், புது புக்கிங் தாள். MRS BABY, ADULT, AGE 49 என்று கொட்டை எழுத்தில் அடித்தேன். வந்த தாளை மூன்று முறை படித்தேன். பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னேன்.

இரண்டாவது முறையும் அதே மேம்பாலம், அதே வெயில். ஒரே ஒரு செல்போன் மட்டும் என் பையில். இந்த முறை வேறு அதிகாரி, ஒரு பெண். ஆனால் அதே தமிழ் அம்மா. முதல் கேள்வியே, போன தடவை உங்கள் கணவர் டெலிவரி என்று சொன்னாரே என்பதுதான்.

"அது தப்புங்க. எங்களுக்கு ஒருத்தர் அப்படி சொல்லச் சொல்லிக் குடுத்தாரு. எங்க வூட்டுக்காரரு பயத்துல அதச் சொல்லிட்டாரு. அங்க எனக்கு யாரும் கெடையாது" என்றிருக்கிறார் பேபியக்கா. என் பெயரை மட்டும் சொல்லவில்லையாம். அதை என்னிடம் சொல்லும்போது ஒரு பார்வை பார்த்தார், அது போதும் எனக்கு.

யாருமே இல்லாத ஊருக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். "என் பேரு அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி, ஏழாம் எண் தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். பைபிளுக்குள் இருந்த ஃபேக்ஸ் ஜெராக்ஸ். குழந்தையை வேலைக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதும், பின்னால் வந்த மன்னிப்பும். அதிகாரி அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். ஆனாலும் அவர் விடவில்லை. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது?

பேபியக்கா பதினோராம் எண் தாளை எடுத்தார். கிறிஸ்டினாவின் ஆஸ்பத்திரி கார்டு. தேதிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தது.

"எல்லாரும் டெலிவரிக்கு உங்க ஊருக்கு வருவாங்க. என் பொண்ணுக்கு டெலிவரி தாம்பரத்துல. டிசம்பர் பதினொண்ணு. அதுக்குள்ள நான் வூட்ல இருக்கணும். நீங்களே இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டேன்."

தமிழ் அம்மா அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும், அதிகாரி வேறு ஒன்றும் கேட்கவில்லை. தட்டச்சு செய்தார். ஃபைலை மட்டும் திருப்பித் தள்ளினார்.

மேம்பாலத்தடியில் நான் பார்த்தது, அவருடைய கைகளைத்தான். ஒரு கையில் ஃபைல். இன்னொரு கை காலி. பாஸ்போர்ட் இல்லை. நான் நடு ரோட்டில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்திவிட்டேன். பேபியக்கா, "அல்லேலூயான்னு நான் உள்ளயே சொல்லிட்டேன், நீ மெதுவா பேசு" என்றார். அழுதது நான்தான், அவர் இல்லை.

அக்டோபரில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது சூட்கேஸைக் காரில் ஏற்றப் போனேன். அதன் ஒரு பக்கத்தில் கறுப்பு பெயிண்டில், வால் முளைத்த C-யோடு, CHICAGO என்று இருந்தது. அதை எதிர்பார்த்தேன். திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் TAMBARAM EAST என்று இருந்தது. அந்த எழுத்துகள் புதுசாக, கூர்மையாக இருந்தன.

"இதுக்குத் தகடு ஏதுக்கா?"

"நானே வெட்னேன். கம்பெனில சிகாகோவுக்கு மட்டும்தானே கீது. திரும்பி வரதுக்கு எழுத வேணாமா?"

எத்தனை பேருக்கு நான் ஃபாரம் நிரப்பியிருக்கிறேன். எத்தனை பெட்டிகளை அதே ஏர்போர்ட் வாசலில் இறக்கியிருக்கிறேன். பெட்டியின் மேல் வீட்டு விலாசத்தை அவ்வளவு பெரிதாக எழுதிக்கொண்டு போன ஒருவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அந்த இடத்தில் பல மடங்கு ஆகிவிட்டது.

சொன்ன தேதியில் வந்து இறங்கினார். சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று கருவாட்டை விட்டுவிட்டுப் புளிக்காய்ச்சல் மட்டும் கொண்டுபோனாராம், அதையே ஒன்பது நாளும் சாப்பிட்டிருக்கிறார். ஏரியைப் பார்த்து, "இது ஏரின்னா நம்ம செம்பாக்கத்துல கீறது இன்னா?" என்று தோன்றியதாம். மாடி ரயில் எட்டுப் பெட்டி. எண்ணிக்கொண்டு வந்து தயாளன் அண்ணனிடம் ஒப்படைத்தார், டிக்கெட்டோடு. அவர் அந்த டிக்கெட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பணிமனைப் பழைய நண்பர்களுக்கெல்லாம் காட்டினார்.

கடைசிக்கு முந்தின நாள் பஸ் மாறி மாறி அந்தக் கிடங்குக்கும் போயிருக்கிறார். எதிர்ப் பக்க நடைபாதையில் அரை மணி நேரம் நின்றாராம். பெரிய ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"நம்ம பெட்டிதான் தம்பி. அந்த C தெரிஞ்சிது. ஒரு ஆணி கூட வெளிய வரல."

"உள்ள போய் நான்தான் பேபின்னு சொல்லியிருக்கலாமேக்கா. தலையில தூக்கி வச்சிருப்பாங்க."

"உள்ள போனா வேலைக்குப் போன மாதிரி ஆயிடும். நான் லீவுல இருந்தேன்" என்றார். ஒரு மனுஷிக்குத் தன் லீவு மேல் இவ்வளவு மதிப்பு இருக்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதியே கிறிஸ்டினாவுக்கு வலி எடுத்துவிட்டது. சுகப்பிரசவம், பெண் குழந்தை. மறுநாள் பிரியாணிப் பொட்டலத்தோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பேபியக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயாளன் அண்ணன் பக்கத்தில் நின்று கொசு விரட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. பெயர் வைக்கும்வரை ஆஸ்பத்திரியில் எல்லாக் குழந்தைக்கும் கட்டுகிற பட்டைதான். BABY OF CHRISTINA என்று அதில் எழுதியிருந்தது.

நான் குனிந்து படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன். நான் மூன்றாவது முறை படிப்பதைப் பேபியக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கரெக்டா படிச்சியா? இதுதான் கைக்குழந்த. இவளுக்கு டிக்கெட் போடறப்ப அந்த மூணு எழுத்தப் போடு."

"எந்த ஊருக்குக்கா?"

அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அத இவ சொல்லட்டும். பேச ஆரம்பிச்சதும் கேட்டுச் சொல்றேன்."